முனிரத்தினம் முடியிறக்கிய கதை

மீனம்பாக்கத்தில் விமானம் தரையை விட்டுக் கிளம்பியபோது முனிரத்தினம் இரண்டு காரியம் செய்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு காமாட்சியம்மனைக் கூப்பிட்டார். அப்புறம் ஒரு சபதம் செய்தார். ஊர் திரும்புகிற வரைக்கும் லோகாம்பாள் பேச்சை ஒரு பேச்சுகூடக் கேட்பதில்லை!

இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டாயிற்று. என்ன வேட்டி வாங்குவது என்பதைக்கூட அவள்தான் சொல்வாள். வெள்ளை வேட்டிதான், வேறு என்ன? ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் அது வெள்ளை.

சபதத்துக்குக் காரணம் முடி. தலைமுடி இல்லை, அது என்றைக்கோ போய்விட்டது. போனது எங்கேயும் தொலைந்து போகவில்லை, மொத்தமும் கீழே இறங்கி நெஞ்சு, முதுகு, தோள், கை என்று பட்டா வாங்கிக் குடியேறிவிட்டது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 'கரடி முனிரத்தினம்' என்று எழுதினால்தான் அவருக்குத் தபால் வரும்.

கரடியாக இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம்? ஆனால் மனுஷர் தறிக்காரர். சட்டை போட்டால் அவருக்குக் கை ஓடாது. வெற்றுடம்போடு தறியில் உட்கார்ந்தால் நெஞ்சு முடி பட்டில் உதிரும், கை முடி சரிகையில் சிக்கும். நெய்து இறக்கிய ஒவ்வொரு சேலையையும் லோகாம்பாள் முள்வாங்கியும் கையுமாக உட்கார்ந்து மேய்ந்து எடுப்பாள்.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. எனக்குக் கண்ணு போவுது."

"சவரம் பண்ணா முள்ளு முள்ளா மொளைக்கும்டி. அப்புறம் பட்டே கீறிக்கும்."

அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருந்தது பயம். ஒரு தடவை முழங்கையில் ஒட்டிய பிளாஸ்திரியைக் கம்பவுண்டர் இழுத்தபோது, கூடவே பத்துப் பதினைந்து முடியும் வந்தது. முனிரத்தினம் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து தன் முடியைத் தானேகூட வேகமாகத் தடவ மாட்டார்.

சிங்கப்பூரில் பட்டுக் கடை வைத்திருந்த ராஜவேலுதான் இருவரையும் வரவழைத்திருந்தார். தீபாவளி வியாபாரத்துக்காகக் கடை நடுவில் ஒரு தறி. முனிரத்தினம் நெய்வார், லோகாம்பாள் பக்கத்தில் ராட்டினம் சுற்றி ஊடைநூலைத் தாராக்கிக் கொடுப்பாள், ஜனங்கள் வேடிக்கை பார்த்துச் சேலை வாங்குவார்கள். நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு சீனத்து அம்மாள் தறியிலிருந்த அரக்குச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். கரையிலிருந்து எதையோ பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுருட்டை முடி, இரண்டு அங்குலம்! அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடையே பார்த்தது.

ராஜவேலு அந்த அம்மாளுக்கு வேறு சேலை எடுத்துக் காட்டப் போனார். அவருடைய மனைவி மங்கையர்க்கரசி சொன்னாள். அவள் பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள்.

"பயப்படாதீங்கண்ணே. பக்கத்துத் தெருவுல நம்ம லில்லி அழகு நிலையம் வச்சிருக்குது. மெழுகு தடவி, மேல துணிய ஒட்டி, ஒரே இழு. வேரோட வந்துடும். ஆறு வாரத்துக்கு மொளைக்காது."

"வே... வேரோடயா?"

"சும்மா போய்ப் பார்த்துட்டு வாங்க."

பார்க்கத்தான் போனார். வாசலிலேயே கமகமவென்று வாசனை வந்தது. சர்க்கரைப் பாகு! மனுஷர் இனிப்பென்றால் உயிரை விடுவார். அட, மிட்டாய்க் கடை மாதிரி இல்லை இருக்குது என்று நாக்கில் எச்சில் ஊற உள்ளே கால் வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து "ஐயோ அம்மா!" என்று ஒரு அலறல். திரையை விலக்கிக்கொண்டு லில்லி வந்தாள். சிரித்த முகம். கையில் ஒரு துணிப் பட்டை, அதன் மேல் பொசுபொசுவென்று முடி.

"வாங்கண்ணே, மங்கை அக்கா சொன்னாங்க. சர்க்கரையும் எலுமிச்சம்பழமுந்தான் இது, பேருக்குத்தான் மெழுகு." சட்டைப் பொத்தான் சந்தில் எட்டிப் பார்த்த முடியை லில்லி கண்ணாலேயே அளந்தாள். "உங்களுக்குப் பெரிய சட்டியா வைக்கணும்."

முனிரத்தினம் கடைக்குத் திரும்பி வந்துவிட்டார். செருப்பு லில்லி வாசலிலேயே நின்றுவிட்டது.

"இன்னாண்ணே, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டீங்களா?" என்றாள் மங்கையர்க்கரசி.

பயத்தில் மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். முனிரத்தினத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேலை செய்தது.

"அது வந்துமா... முடி எடுக்கக் கூடாது. லோகாம்பா முழுகாம இருக்குது. பொண்டாட்டி மாசமா இருக்க சொல்ல புருஷங்காரன் ஒரு முடியக்கூட எடுக்கக் கூடாதே. நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா?"

ராட்டினம் நின்றது. லோகாம்பாள் நிமிர்ந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். தீர்ந்தோம் என்று முனிரத்தினம் நினைத்தார். ஆனால் அவள் மெள்ளத் தலையைக் குனிந்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள்! நாற்பத்து மூன்று வயசில்!

"அக்கா, சொல்லவே இல்லியே!" என்று மங்கையர்க்கரசி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். உள்ளே வெகுநேரம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. 'பொம்பளைங்களை ஏமாத்தறது இவ்வளவு சுளுவா? இருபத்து மூணு வருஷம் வீணாப் போச்சே!' என்று முனிரத்தினம் தொடையில் தட்டிக்கொண்டார்.

மறுநாள் ராட்டினத்தின் முன்னால் ஆள் இல்லை. லோகாம்பாள் மின்விசிறிக்கு அடியில் சாய்வு நாற்காலியில் கிடந்தாள்.

"ஏய், தார் சுத்தலியா?"

"இந்த நெலமையில ராட்டினம் சுத்தலாமா? மங்கையம்மா கூடாதுன்னுட்டாங்க."

"எந்த நெலமைடி? நீயும் நானும் மட்டுந்தானே இருக்கறோம்!"

"செவுத்துக்குக் காது இருக்குதுங்க. அந்த ஆரஞ்சிய உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

காலையில் தாரும் அவரே சுற்றினார், பகலெல்லாம் நெய்தார். சாயங்காலம் அவள் சேலையைத் துவைத்தார். நடுவில் மாங்காய்க்கு ஓடினார், அது புளிக்கவில்லை என்று வேறு மாங்காய்க்கு ஓடினார். மோவாயிலும் கத்தி வைக்கக் கூடாதே, அதனால் தாடி வேறு வளர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் இவரைச் சாமியார் என்று நினைத்துக் காலடியில் காசு போட்டுவிட்டுப் போனார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். லோகாம்பாள் நாற்காலியில் சாய்ந்த பதினோராம் நாள் மங்கையர்க்கரசி ஒரு நீலத் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, ஊருக்குக் கடுதாசி எழுதறேன். உங்க சம்பந்தியம்மா செல்லியம்மாளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். நல்ல சேதிய நான்தான் மொதல்ல சொல்லணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளு, தபால்ல போட்டுடறேன்."

ஊரில் மகள் காந்தாவுக்கு ஏழாம் மாசம். மகள் புள்ளையும் அப்பன் புள்ளையும் ஒரே தொட்டிலுக்கு அடித்துக்கொள்ளப் போகிறதென்று செல்லியம்மாள் சொல்வாள். ஒரு இடத்திலா சொல்வாள்? குழாயடியில் ஆரம்பித்தால் பக்கத்து ஊர் மாகறல் வரைக்கும் போய்ச் சேரும். மருமகன் முகத்தில் எப்படி முழிப்பது? துவைத்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு லோகாம்பாளிடம் ஓடினார்.

"தாயே, ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுடி! உன் காலுல விழறேன்!"

"நான் எப்படிங்க சொல்றது? வாயத் தொறந்தது நீங்க."

"நான் பொய்யின்னு சொன்னா மானம் போயிடுமே!"

"அப்போ ஒரே வழிதான். முடி எடுக்காம இருக்கறதாலதானே நான் முழுகாதவ? நீங்க போய் எடுத்துக்கினு வந்துட்டா, நாள் தள்ளிப்போச்சு, வேற ஒண்ணுமில்லன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க. பொய் சொன்னீங்கன்னும் ஆவாது."

முனிரத்தினம் நின்றார். ஒரு பக்கம் லில்லியின் சட்டி. இன்னொரு பக்கம் செல்லியம்மாளின் நாக்கு. பெருமூச்சு விட்டார்.

"நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்குது."

அந்த மேஜைமேல் படுத்தபோது அவருக்குத் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயில் ஞாபகம் வந்தது. ஜைன சாமியார்கள் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வார்களாம், அங்கே சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர்கள் மோட்சத்துக்குப் பிடுங்கினார்கள். நான் எதுக்குப் பிடுங்கிக்கிறேன்? யோசித்து முடிப்பதற்குள் நெஞ்சில் சூடாக என்னவோ ஒழுகியது. இதமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று வாயைத் திறந்து கேட்கப் போனார்.

சர்ர்ரக்!

காமாட்சியைக் கூப்பிட்டார். ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டார். மூன்றாவது இழுப்பில், சைவர் என்பதையும் மறந்து, சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளையும் கூப்பிட்டார். ஆறாவது இழுப்பில் கூப்பிடச் சாமி பாக்கியில்லாமல் லோகாம்பாளைக் கூப்பிட்டார்.

அவள் எங்கே காதில் வாங்கினாள்? லில்லியின் பக்கத்தில் நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு ஆழாக்குச் சர்க்கரைக்கு எத்தினி எலுமிச்சம்பழம்?"

"ஒண்ணு போதும்கா."

"இழுக்கறது முடி சாயற பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"எதிர்ப்பக்கம்கா. யோசிக்காம இழுத்துடணும்."

இங்கே புருஷன் உயிர் போகிறது, இவளுக்கு ஊர்க் கதை கேட்கிறது என்று முனிரத்தினத்துக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த இழுப்பில் ஆத்திரமும் போய்விட்டது. எல்லாம் முடிந்து எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது உரித்த கோழி ஒன்று அவரைப் பார்த்து அழுதது.

ஆனால் காரியம் நடந்தது. மங்கையர்க்கரசி பார்த்தாள், "ஓ, ஒண்ணும் இல்லியா? பரவாயில்லண்ணே" என்றாள், நீலத் தபாலை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். லோகாம்பாளும் அன்றைக்கே ராட்டினத்துக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் நெய்த சேலையில் ஒரு முடி இல்லை.

ஊருக்கு வந்து, தீபாவளி போய், கார்த்திகையும் வந்தது. காந்தாவுக்கு ஒன்பதாம் மாசம், மறுநாள் வளைகாப்பு. சம்பந்தியம்மாள் செல்லியம்மாள் முதல் நாளே வந்துவிட்டாள். முனிரத்தினம் தூணுக்குப் பின்னாலேயே நின்றார். "இன்னா சம்பந்தி, வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கலியா, துரும்பா இளைச்சுட்டீங்களே" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் பூக்கட்டப் போய்விட்டாள். அப்பாடா! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். லேசாகச் சொரசொரவென்று முளைத்திருந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து அந்த வாசனை வந்தது. பாகு! வளைகாப்புக்கு அதிரசம் போடுகிறாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லோகாம்பாள் அடுப்பில் சட்டியை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"லோகா, ஒரே ஒரு கரண்டி ஊத்து. ஆமா, சம்பந்தியம்மா ஒண்ணுமே கேக்கலியே. மங்கையம்மா வேற வழியில எதுவும் சொல்லி அனுப்பலியே?"

"எதைச் சொல்றது? நீங்க பயந்துக்கினு பொய் சொல்றீங்கன்னு அன்னிக்கே மங்கையம்மாகிட்ட சொல்லிட்டேன். கடுதாசி எழுதற மாதிரி வரச் சொன்னதும் நான்தான்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்போ... பதினோரு நாளு? மாங்கா? உன் சேலைய நான் தொவச்சது?"

"இருபத்து மூணு வருஷமா உங்களுக்குத் தார் சுத்தறேன், உங்க முடியப் பொறுக்கறேன். பதினோரு நாள் நாற்காலியில உட்காரக் கூடாதா?"

முனிரத்தினத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஆண்பிள்ளை இல்லையா? ஊர் திரும்பியதோடு முடிந்த சபதத்தைப் புதுப்பிக்க வேண்டாமா!

"போதும்! இனிமே இந்த ஜென்மத்துல உன் பேச்ச..."

சட்டியில் வெல்லம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். வெள்ளைச் சர்க்கரை. பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோல். மணையின்மேல், அவருடைய பழைய வேட்டி பட்டை பட்டையாகக் கிழித்து அடுக்கி வைத்திருந்தது.

லோகாம்பாள் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"பதம் வந்துடுச்சு. சட்டையக் கழட்டுங்க."