பிணத்தின் இமை துடித்தது பற்றி

‘மேற்கு முரசு’ இதழாசிரியர், பெருமதிப்பிற்குரிய அம்மையார் ஹெர்டிஸ் அவர்களின் திருமுன்னர், செல்னெஸ் துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் மேனாள் பேச்சாளன் ஸ்டெய்ந்தோர் வரைந்துகொள்வது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும், தங்கள் அச்சுப்பொறியும் இக்கடும்பனியில் உறைந்துவிடாமல் இயங்கி வருகிறீர்கள் என நம்புகிறேன். என் நலம் கேட்பீராயின், கால் நலம், முதுகு நலம், குரல் நலம். நெஞ்சு மட்டும் நலமில்லை. எவருக்கும் அஞ்சாதே என்று மீன் ஆலை முதலாளிகளின் வாசலில் நின்று முழங்கியவன் நான். இன்று வாசற்கதவைப் பூனை பிறாண்டினாலும் கட்டிலுக்கடியில் இடம் தேடுகிறேன். இம்மடலைப் படித்ததும் எரித்துவிடுக. எக்காரணம் கொண்டும் அச்சிடற்க.

தாங்கள் அறிவீர்கள், சென்ற மாரியில் எங்கள் ஊரில் எடுக்கப்பட்ட ‘ஒன்பதாம் கலங்கரை’ என்னும் ஒற்றர் அதிரடித் திரைப்படம் எங்கள் சங்கக் கூடத்தில் திரையிடப்பட்டதும், பார்வையாளர் கருத்துகளை எழுதியனுப்புமாறு தங்கள் இதழ் அழைப்பு விடுத்தது. அனுப்பினார்கள் அம்மையீர், ஊரே அனுப்பியது! தன் கடைப் பலகை இருமுறை தெரிவதால் உலகத் தரமான படம் என்று அடுமனை ஆல்டா எழுதினாள். கார் துரத்தலில் தன் வேலி நொறுங்கியதை நெஞ்சுருக்கும் காட்சி என்றார் வேலிக்காரர். நாயகன் நாட்டைக் காப்பவனாக இருக்கலாம், ஆனால் குளிக்காமல் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியதைத் தன் கண்ணால் கண்டதால், வில்லனே நல்லவன் என்று நீச்சல் குளத்துக் காவலர் எழுதினார். இத்தனை புகழ்மாலைகளுக்கு நடுவே ‘கடற்காகம்’ என்னும் புனைபெயரில் ஒரேயொரு கண்டனக் கருத்து வந்தது. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து குதித்த ஒற்றன் அடுத்த நொடியில் மலைக்கு அப்பாலுள்ள சுரங்கப்பாதையில் ஓடுவது எங்ஙனம் என்று கேட்டு, இறுதியாக இவ்வாறு முடித்திருந்தது: ‘இப்படத்தில் உயிரோடிருப்போர் எல்லாம் மரக்கட்டையாய் நிற்கின்றனர், பிணமாய்க் கிடப்பவருக்கு மட்டுமே கண்ணிமை துடிக்கிறது!’

அம்மையீர், அந்தக் கடற்காகம் நான்தான்.

அந்தப் பிணமோ, என் அடுத்த வீட்டு டோர்ஃபி. மீன் பெட்டிகளுக்கு நடுவே, பனிக்கட்டியின் மேல், கழுத்தில் சிவப்புச் சாயத்தோடு ஒரு பகல் முழுதும் கிடந்து, திரையில் நான்கு நொடி தோன்றுபவர். அந்த நான்கு நொடிக்காக அவர் அப்படத்தைப் பதினோரு முறை பார்த்தார். மனைவியை இழந்த நான் காலைக் காப்பியை அவரோடுதான் குடிக்கிறேன். என் வாசற்பனியைத் தள்ளுவது அவருடைய டிராக்டர். சென்ற குளிரில் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டிறைச்சிச் சாற்றை வாளியோடு கொண்டுவந்து வைத்தவர் அவர். இவ்வளவும் அறிந்தே எழுதினேன். ஏன் எழுதினேன்? வாக்கியம் நன்றாக வந்துவிட்டது! உயிரோடிருப்போர், மரக்கட்டை, பிணம், கண்ணிமை. எதிரும் எதிரும் தோளோடு தோள் நின்றதைக் கண்டதும் என் பேனா மயங்கிவிட்டது. நண்பனை நீக்கலாமா, வாக்கியத்தை நீக்கலாமா என்று ஒரு மாலை முழுதும் எண்ணிப் பார்த்து, நண்பன் பொறுத்துக்கொள்வான் என்று முடிவுசெய்தேன்.

பொறுக்கவில்லை. இதழ் வந்த காலையிலேயே டோர்ஃபி அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் அடுக்களைக்குள் புயலாய் நுழைந்தார். “டேய் ஸ்டெய்னி, என்னமோ எழுதியிருக்கானாம்டா என்னைப் பத்தி. ஆல்டா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என் கண்ணாடியக் காணோம், நீ படி” என்றார். படித்தேன். மெல்லப் படித்து ஒழித்திருக்கலாம். என் தொண்டை அப்படிப் பழகியதன்று. ‘மரக்கட்டை’ என்ற இடத்தில் தாழ்த்தி, ஒரு மூச்சு நிறுத்தி, ‘கண்ணிமை’ என்ற இடத்தில் கூரைக்கு உயர்த்தினேன். டோர்ஃபி காப்பியை ஒரு மிடறு விழுங்கினார். “நல்லாத்தான் படிக்கிற” என்றார். “இத எழுதினவன் மட்டும் கையில கெடைச்சான், அவனை அப்படியே தூக்கித் துறைமுகத்துல போட்டுருவேன். அங்க போய் இமையத் துடிக்காம கெடக்கட்டும், பாக்குறேன்.” அவர் போன பின்புதான் என் மூக்குக்கண்ணாடியும் படுக்கையறையில் கிடப்பதை உணர்ந்தேன். அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

அன்று தொடங்கியது வேட்டை. ஒற்றர் படம் பார்த்த ஊர் ஒற்றர்களின் ஊராகிவிட்டது! நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் காலைதோறும் விசாரணை. எங்கும் ஒரு குற்றவாளிக்கு ஒளித்துக்கொள்ளச் சட்டைப்பையாவது இருக்கும். இங்கோ கழுத்தளவு வெந்நீரில், அரை ஆடையில், ஊர் முழுதும் வட்டமாய் அமர்ந்து கண்ணுக்குள் கண் பார்க்கிறது. மருந்துக்கடை ஊல்வர் தலைமை தாங்குகிறார். “குத்தம் செஞ்சவன் முகம் செவக்கும், தலைவரே. படத்துல பாத்தீங்கல்ல?” என்றார். நல்லவேளை, அந்தச் சூட்டில் எல்லாருடைய முகமும் சிவந்திருந்தது. “உங்களுக்குத்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றாள் ஆல்டா. “இரத்த அழுத்தம்” என்றேன். “அப்ப நம்ம கடைக்கு வாங்க, மாத்திரை தரேன்” என்றார் ஊல்வர். ஏதோ புரிந்தவர்கள்போல் அனைவரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்த்தார்கள்.

சான்றை அழித்துவிடுவது என்று துணிந்தேன். கருத்தின் கைப்படியைச் சுக்குநூறாகக் கிழித்து, ஆளில்லா வேளை பார்த்துப் படகுத்துறை முனையில் நின்று கடலில் வீசினேன். எங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் நிற்கும் என்று எழுபது ஆண்டாக இங்கேயே வாழ்ந்தும் நான் கற்கவில்லை. வீசிய துண்டுகள் அத்தனையும் என்னைத் தாண்டிப் பறந்து ஊருக்குள் புகுந்தன! ‘மரக்’ என்பது மாதா கோயில் படியில், ‘கட்டை’ என்பது ஆல்டாவின் சன்னலில், ‘துடிக்கிறது’ என்பது டோர்ஃபியின் டிராக்டர் சக்கரத்தில். நான்கு காலில் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஆல்டா ரொட்டிக் கூடையோடு வந்து நின்றாள்.

“என்ன அண்ணே தேடுறீங்க?”

“சிப்பி, அம்மா.”

“ரோட்டுலயா?”

“இவ்வாண்டு கடல் சற்று மேலேறி வந்துள்ளது.”

“ஓ! கெடைச்சா எனக்கும் ரெண்டு குடுங்க” என்று சொல்லி, தன் காலணியில் ஒட்டியிருந்த ஒரு துண்டைக் குனிந்து எடுத்து, என்னிடம் நீட்டிவிட்டுப் போனாள். படித்தாளா, படிக்கவில்லையா? அவள் அன்று எனக்கு இரண்டு இனிப்பு ரொட்டிகளை விலையில்லாமல் கொடுத்தனுப்பினாள். தூக்கிலேறப் போகிறவனுக்குக் கொடுப்பதாக அல்லவா எனக்குத் தோன்றியது! இரண்டையும் அச்சத்தோடேயே தின்றேன்.

இவையெல்லாம் தூறல், அம்மையீர். பேரிடி இனிமேல்தான். வரும் சனியன்று நடுக்குளிர்த் தோரித் திங்கள் விருந்து. சுட்ட ஆட்டுத்தலையும் புளித்த சுறாவும் சீரகச் சாராயமும் பரிமாறி, ஆண்டு முழுதும் ஊரில் எவரெவர் என்னென்ன கூத்தடித்தாரோ அதை விழாக்குழு மேடையேற்றி நையாண்டி செய்வதும், யாரைச் செய்யப்போகிறோம் என்பதை அந்த நொடிவரை மூடிவைப்பதும் நம் ஊர்களின் பழக்கம். சென்ற ஆண்டு, தன் காரை ஏரிப் பனிமேல் நிறுத்திவிட்டு இளவேனிலில் தேடிய பாதிரியார் அகப்பட்டார். இவ்வாண்டு குழுத் தலைவர் ஊல்வர். அவரும் டோர்ஃபியும் நேற்று மாலை என் வீட்டிற்கு வந்தனர்.

“தலைவரே, இந்த வருஷம் நையாண்டிக்கு முன்னாடி நீங்க பேசணும்” என்றார் ஊல்வர். “அந்தக் கடற்காகத்தக் கிழிகிழின்னு கிழிக்கணும். உங்கள விட்டா யாரு இருக்கா?”

“எனக்குத் தொண்டை சரியில்லை” என்றேன்.

டோர்ஃபி என் தோளைத் தொட்டார். “எனக்காகடா, ஸ்டெய்னி. வேற எதுவும் உன்கிட்ட நான் கேட்டதில்லையே” என்றார். உண்மை. ஒருபோதும் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டேன்.

என் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். என்னை நானே ஊரறியக் கண்டித்தாக வேண்டும்! அரைகுறையாகப் பேசினால் ஐயம் எழும். நன்றாகப் பேசினாலோ, நான் நன்றாகவே பேசுவேன் அம்மையீர், கூட்டம் கொதித்தெழும். கொதித்தெழுந்த கூட்டம் யாரைத் தேடும்? என் சொல்லாலேயே எனக்குத் தீ மூட்டவேண்டிய பேறு வேறெந்தப் பேச்சாளனுக்கு வாய்த்திருக்கிறது? துறைமுகத் தண்ணீருக்கு நான் அஞ்சவில்லை, நீந்தத் தெரியும். காலையில் எழுந்து காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, இரண்டாம் கோப்பையை எடுத்து வைக்காமலிருக்க வேண்டுமே, அதற்குத்தான் அஞ்சுகிறேன்.

ஆகவே தங்கள் தாள் பணிந்து ஒரே ஒரு வேண்டுகோள். ‘கடற்காகம் என்பவர் செல்னெஸ்காரர் அல்லர், எதிர்க்கரை ஹாவிக் ஊரைச் சேர்ந்தவர்’ என்று ஒரு சிறு குறிப்பை அடுத்த இதழில் வெளியிட்டு உதவுக. ஹாவிக்காரர்கள் கால்பந்தில் எங்களுக்கு இழைத்த கொடுமைகளுக்கு இது மிகச் சிறிய பதிலே. தங்கள் பேனா நீடு வாழ்க. தங்கள் சந்தாதாரர் பெருகுக. தங்கள் வீட்டுக் கூரையைப் புயல் கண்டும் காணாமல் கடந்து செல்க.

இங்ஙனம்,
தங்கள் அருளொன்றையே நம்பி உயிர் தரித்திருக்கும்
ஸ்டெய்ந்தோர்

பின்குறிப்பு: மலைப்பாதையைப் பனி மூடி அஞ்சல் வண்டி வராமற்போனதால் இம்மடல் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் விருந்து நடந்து முடிந்தது. நடந்ததைக் கேளுங்கள். பேசினேன். “யார் இந்தக் கடற்காகம்? நண்பன் ஊற்றிய காப்பியைக் குடித்த வாய் உலருமுன்னே நண்பனின் இமையை எள்ளியவன்! புனைபெயரின் சிறகுக்குள் புகுந்துகொண்ட புழு!” என்று நான் முழங்க முழங்கக் கூடம் அதிர்ந்தது. மேசைகள் குலுங்கின. என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு அதுவே என்று நான் உணர்ந்துகொண்டிருந்த அவ்வேளையில், முன்வரிசையில் டோர்ஃபி எழுந்தார். நெஞ்சைப் பிடித்தார். ஆட்டுத்தலைத் தட்டோடு தரையில் சாய்ந்தார். ஊல்வர் பாய்ந்து குனிந்து கையைப் பிடித்துப் பார்த்து, தலையை அசைத்தார். “நாடி இல்ல, தலைவரே.”

மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. டோர்ஃபியின் முகம் மெழுகாயிருந்தது. மூச்சில்லை. அசைவில்லை. நான் கற்ற மேடைமொழியெல்லாம் என்னைக் கைவிட்டு ஓடிற்று. “டேய் டோர்ஃபி! எந்திரிடா! நான்தான்டா அத எழுதினேன்! வாக்கியம் நல்லா வந்துச்சேன்னு எழுதித் தொலைச்சுட்டேன்டா! ஹாவிக்காரன் மேல பழியப் போடலாம்னு கூட பாத்தேன்டா! என்னைத் துறைமுகத்துல போடுடா, எந்திரிச்சுப் போடுடா! காலையில நான் யாரோடடா காப்பி குடிப்பேன்?” என்று ஊரறிய, பாதிரியார் அறிய, அழுது புரண்டேன். அப்போது பிணத்தின் ஒரு கண் திறந்தது.

“இமை ஆடிச்சாடா?” என்றது பிணம்.

கூரை பிய்ந்துகொண்டு போகுமளவு சிரித்தார்கள். இவ்வாண்டின் நையாண்டி அதுதானாம், நாயகன் நான்தானாம். விசாரணை, இனிப்பு ரொட்டி, மாத்திரை, பேச்சு எல்லாம் குழுவின் ஏற்பாடாம். “முதல் நாளே தெரியும்டா” என்றார் டோர்ஃபி, காதிலிருந்த ஆட்டுக் கொழுப்பைத் துடைத்துக்கொண்டே. “கண்ணாடி இல்லாம, பேப்பரத் தலைகீழா வச்சுக்கிட்டு, ஒரு எழுத்து விடாம படிச்சியேடா. கோவம் வந்துச்சுதான். ஒரு நாள் டிராக்டர எடுக்காமக்கூட இருந்தேன். அப்புறம் உன் வாசலப் பாத்தேன், பனி இடுப்பு வரைக்கும் ஏறிக் கெடந்துச்சு. சரி, தள்ளிட்டே பழி வாங்குவோம்னு விட்டேன்.”

ஆகவே அம்மையீர், மேலே கேட்ட எதையும் செய்யாதீர்கள். மடலை எரிக்காதீர்கள். ஹாவிக்காரர்களை விட்டுவிடுங்கள். என் முழுப்பெயரோடு, பெரிய எழுத்தில், என் திருத்திய பார்வையாளர் கருத்தை வெளியிடுக: ‘ஒன்பதாம் கலங்கரையில் பிணமாக நடித்த டோர்ஃபி, ஒரு நண்பனின் உயிரையே பறிக்கவல்ல பெருங்கலைஞர். குறை முழுதும் ஒளிப்பதிவாளருடையது.’

கூடத்துத் தரையில் கிடந்தபோது இமை துடித்ததா என்று டோர்ஃபி ஒவ்வொரு காலையும் காப்பிக்கு நடுவே கேட்கிறார். அவ்வேளையில் என் கண்களில் நீர் நிறைந்திருந்தமையால் சான்று கூற இயலாதவனாய் உள்ளேன். துடிக்கவில்லை என்றே அச்சிடுக.