பத்திரசாலியும் அவர் யுகுலேலேயும்

மனிதர்களில் புத்திசாலி உண்டு, அதிர்ஷ்டசாலி உண்டு. பத்திரசாலி என்றும் ஓர் இனம் உண்டே, கவனித்திருக்கிறீர்களா? வாங்கிய பொருள் தேய்ந்துவிடக் கூடாதே என்று தானே தேய்ந்துபோகும் அபூர்வப் பிறவி. எங்கள் கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். தொழில், மருந்துக்கடை.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் ஒரு யுகுலேலே வாங்கினார். நாலே தந்தி, கித்தாருக்குக் கடைசித் தம்பி மாதிரி இருக்கும். வாங்குகிறவர்கள் நாதம் எப்படி என்று கேட்பார்கள். இவர் கேட்டது, "எத்தனை வருஷம் வரும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா அறுபது வருஷம்கூட வரும் சார்," என்றார் கடைக்காரர்.

வந்தது வினை. ஈரம் ஏறினால் மரம் உப்பும் என்று கேள்விப்பட்டு, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையெல்லாம் பெட்டிக்குள் போட்டு, அதனால் ரொம்பக் காய்ந்து வெடித்துவிடுமோ என்று நனைத்த பஞ்சையும் பக்கத்தில் வைத்து, இரண்டில் எது ஜெயிக்கிறது என்று பார்க்க ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கி, காலையும் மாலையும் நோட்டில் குறித்துவந்தார். வாசித்தாரா? விரல் வியர்க்குமே, எப்படி வாசிப்பார்?

"ஒரு பாட்டு வாசிங்களேன்," என்பார் மனைவி.

"என்ன அவசரம்? இன்னும் அம்பத்துநாலு வருஷம் இருக்கு."

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

போன மாதம் அதை ரிப்பேர்க்காரரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான். ரிப்பேர்க்காரர் தடவினார், தட்டினார், மீட்டினார்.

"பிரமாதமா இருக்கு சார்."

"எல்லாம் பராமரிப்பு," என்றார் நம்மவர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"அது கிடக்கட்டும். தினமும் ரெண்டு மணி நேரமாவது வாசிக்கிறீங்க போல. விரல் பட்ட இடமெல்லாம் மரம் எப்படி மழமழன்னு ஆயிருக்கு பாருங்க. சத்தமும் நல்லாக் கனிஞ்சிருக்கு."

நம்மவர் முகம் பேதி மாத்திரை தின்றதுபோல ஆயிற்று. நான் கூரையை ஆராய்ந்தேன். மேல்வீட்டுக்காரனுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா?

என்னையும் இழுத்துக்கொண்டு நேரே வீட்டுச் சமையலறைக்குப் போனார். "இதை யாரு தொட்டது?"

மனைவி அடுப்பைத் தணித்தார். "நான்தான். ஆறு வருஷமா, நீங்க கடைக்குக் கிளம்பினதும் எடுப்பேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

கோபம் வரப் பார்த்தது; நியாயம் கிடைக்காமல் வாசலோடு திரும்பிப் போயிற்று.

"கை கழுவிட்டுத்தான் எடுப்பியா?"

"ஒவ்வொரு தடவையும்."

"சரி. வாசி."

வாசித்தார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரிப் பாட்டு குதித்துக்கொண்டு ஓடிற்று. இரண்டாம் பாட்டில் பத்திரசாலியின் கால் தாளம் போட்டது. மூன்றாவதில், எண்பத்தைந்து கிலோ மனிதர், எழுந்து ஆடியே விட்டார். தட்டுகளும் கூட ஆடின. மூச்சு வாங்க உட்கார்ந்து, "இவ்வளவு நாளா இது என் வீட்லயா இருந்துச்சு?" என்றார். யுகுலேலேயைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அந்த இனமாவது, திருந்துவதாவது. "அந்த விரல் கெட்டுடக் கூடாது, பாத்திரத்தை நான் தேய்க்கிறேன்," என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மனைவி மறுக்கவில்லை.

நீங்கள் நன்றாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியாயிற்றா? விருந்தாளிக்கென்று வாங்கிய பீங்கான் தட்டில் நீங்கள் என்றைக்காவது சாப்பிட்டதுண்டா? அதெல்லாம் போகட்டும். மடிப்பு விழுந்துவிடும் என்று இந்தப் புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, உள்ளே எட்டி எட்டிப் பார்த்துப் படிக்கிறீர்களே, அது ஏன்?