மூச்சண்ணன் வகுத்த காப்புரிமை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே மூச்சை அடக்கிச் சட்டத்தைக் காப்பாற்றிய மனிதர் எங்கள் மூச்சண்ணன் ஒருவர்தான். ஈப்போவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தார். ஒரு பாட்டிலிருந்து வயலினை வெட்டுவார், இன்னொன்றிலிருந்து தபேலாவை எடுப்பார், இரண்டையும் ஒட்டிக் கல்யாண வீடுகளுக்குப் புது இசையாக விற்பார். இசையமைத்தவரே கேட்டாலும் யாருடையது என்று விசாரித்திருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் காப்புரிமைக்குப் புதுச் சட்டம் வந்தது. நான் அப்போது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதனால் தெருவில் என்னை முக்கால் வக்கீலாக மதித்தார்கள். நானும் மறுக்கவில்லை.

"தம்பி, அடுத்தவன் பாட்டுல எவ்வளவு எடுக்கலாம்?"

"நியாயமான அளவு எடுக்கலாம் அண்ணே."

"நியாயம்னா?"

"சிக்கிட்தான். கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சம் எத்தன விநாடி லா?"

சட்டத்தில் விநாடிக் கணக்கு கிடையாது. இருந்திருந்தாலும் நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கப் போவதில்லை. ஆகவே அவரே ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்துவார். மூச்சு முட்டும்வரை எடுத்தால் ருசி பார்த்தது. அதற்கு மேல் போனால் திருட்டு. சளி பிடித்த வாரங்களில் அவருடைய இசை துண்டு துண்டாக வரும். நீளமான ஆலாபனை கேட்ட ஒரு மாப்பிள்ளைக்காகக் கண் சிவக்க அடக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இவ்வளவுதான் மாப்பிள்ள. நெஞ்சு பத்தல."

ஒருநாள் கோப்பெங்கிலிருந்து முனியாண்டி வந்தார். காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். மற்ற நேரத்தில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் உறுமி அடிப்பவர்.

"அண்ணே, உங்க கேசட்ல பொண்ணு வரும்போது ஓடுதே, அது என் அடி."

"திருவிழாவுல பதிஞ்சது. ஒரே மூச்சுதான் எடுத்தேன் முனியாண்டி."

"எடுத்தது ஒரு மூச்சு, ஓட்டுறது இருவது தடவ. மத்த அடியெல்லாம் எல்லாரும் அடிக்கிறது. நானா கண்டுபிடிச்சது அந்த ஒரு மூச்சு மட்டும்தான். போன மாசம் ரெண்டு வீட்ல, கேசட் இருக்கு, நீ வேணாம்னுட்டாங்க. என் அடியப் போட்டுட்டு என்னையே வேணாங்கிறாங்க அண்ணே."

மூச்சண்ணன் என்னைப் பார்த்தார். முக்கால் வக்கீலான நான் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். எவ்வளவு எடுக்கலாம் என்றே பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, எதை எடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் கடை திறக்கவில்லை. விற்ற கேசட்டுகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார். அந்த அடியை அழித்துவிடத்தான் நினைத்தார். முனியாண்டி விடவில்லை. "அழிக்காதீங்க, நல்லாத்தான் இருக்கு. யாரு அடிச்சதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

சொன்னார். அதன்பின் ஈப்போக் கல்யாணங்களில் மணப்பெண் தலை குனிந்து மண்டபத்துக்குள் நுழையும் வேளையில், உறுமிக்கு நடுவே கரகரத்த குரல் ஒன்று அறிவிக்கும்: "இந்த அடி கோப்பெங் முனியாண்டியோடது. நேர்ல இன்னும் நல்லா இருக்கும். கூப்பிடுங்க."

சம்பந்திகள் சண்டைக்கு வந்தார்கள். முனியாண்டியைக் கூப்பிடவும் செய்தார்கள்.

என் கல்யாணத்தில் ஓடிய கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்த மகள், நடுவில் யாரோ பேசுவதை வெட்டிவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊரார் இசையையெல்லாம் பதிந்து வைத்த மனிதரின் சொந்தக் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.