கோட்டு சூட்டுல எங்க அத்தை

நெத்திலி ஆய்ஞ்சுகிட்டு இருக்கேன். ரெண்டு கையும் கவுச்சி. போனைத் தண்ணிக் குடத்து மேல சாய்ச்சி வெச்சிருக்கேன். நான் வாயால சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்குது. இப்படி ஒரு வசதி இருக்குன்னு தெரியாதவங்க இன்னைக்கே ட்ரை பண்ணிப் பாருங்க. மீன் ஆயுற பொம்பளைங்களுக்காகவே கண்டுபிடிச்ச மாதிரி இருக்குது.

என் பேஜைப் பாக்கறவங்களுக்குத் தெரியும், நான் மூஞ்சி காட்ட மாட்டேன். கூச்சம். புது வெப்சைட்டு ஏதாவது கண்ணுல பட்டா, உபயோகமா இல்லை டைம்பாஸானு எழுதிப் போடுவேன். அவ்ளோதான். படிச்சது ஏழாவது வரைக்கும். இங்கிலீஷ் பட்டனெல்லாம் கலரைப் பார்த்துதான் அமுக்குவேன். பச்சைன்னா சரி, சிவப்புன்னா வேணாம்.

எனக்கு வெப்சைட்டு ஏன் பிடிக்கும்னா, அது நம்ம மூஞ்சியைப் பார்த்து "என்னம்மா வேணும்?"னு அதட்டாது.

போன மாசம் வானத்துல ஒரு பிளேன் போச்சு. எந்த பிளேன் எந்த ஊருக்குப் போகுதுன்னு காட்டுற வெப்சைட்டு ஒண்ணு இருக்குது. அதைப் பார்த்துட்டு, "அத்தை, இது சிங்கப்பூர் போகுது"ன்னேன். அத்தைன்னா என் வீட்டுக்காரரோட அம்மா. பேரு கன்னியம்மா. உப்பளத்துல வேலை. அன்னையில இருந்து என்னை ஒரு மரியாதையோடதான் பார்த்தாங்க.

அந்த மரியாதைதான் என்னை மாட்டிவிட்டுச்சு.

போன வாரம் மரக்காணத்துல ஒரு கல்யாண மண்டபத்துல முகாம் போட்டாங்க. உப்பளத்துல வேலை செய்யறவங்களுக்கு அடையாள கார்டு. மழை மாசத்துல பாத்தியெல்லாம் தண்ணி நிக்கும், வேலை இருக்காது. கார்டு இருந்தாதான் அந்த மாசங்களுக்கு உதவி வரும். அத்தைகிட்ட கார்டு இல்லை. போன மழையில நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

முகாம் மதியம் ஒரு மணி வரைக்கும்தான். அன்னைக்கு விட்டா அடுத்தது எப்போன்னு அவங்களுக்கே தெரியாதாம்.

காலையிலயே அத்தை போன் பண்ணினாங்க.

"இன்னைக்கு லோடு ஏத்தற நாளு, லாரி வந்து நிக்குது. நீ போய் மனு குடுத்துட்டு வந்துடு. போட்டோ வேணும்னு மேஸ்திரி சொல்றாரு. பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம். அம்பது கேபியோ என்னமோ, அதுக்குள்ள இருக்கணுமாம்."

"ஸ்டுடியோவுக்குப் போலாமா அத்தை?"

"அவன் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்கான். உன் போன்ல பிளேனே தெரியுது, நான் தெரிய மாட்டனா?"

என்ன சொல்றது! பொண்ணு யாழினியைத் தூக்கி இடுப்புல வெச்சிகிட்டு கிளம்பிட்டேன். மூணு வயசு. நடக்க மாட்டா, பேசிகிட்டே வருவா.

வெள்ளை சுவத்துக்கு எங்க போறது? எங்க வீடு ரோஸ். பக்கத்து வீடு கிளிப்பச்சை. கோயில் சுவத்துல பட்டை. இதையே யோசிச்சிகிட்டு உப்பளத்து வரப்புல நடந்தேன்.

எதிர்ல உப்பு குவிச்சி வெச்சிருக்குது.

இதைவிட வெள்ளை உலகத்துல எங்க இருக்குது! ஸ்டுடியோக்காரன்கூட இப்படி ஒரு திரை வெச்சிருக்க மாட்டான். என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன். அன்னைக்கு கடைசியா மெச்சிக்கிட்டது அப்பதான்.

அத்தை அளத்துக்குப் போறப்ப புடவைக்கு மேல மாமாவோட பழைய வெள்ளை முழுக்கை சட்டை போட்டுக்குவாங்க. தலையில வெள்ளைத் துண்டு. கையில உப்பு வாருற பலகை.

"சட்டையைக் கழட்டிடுங்க அத்தை."

"கழட்டினா வெயிலை நீ தாங்கறியா?"

"துண்டையாவது எடுங்க."

"தலை கலைஞ்சிருக்கும். சும்மா எடுடி."

"பலகையைக் கீழ வைங்க."

"வெச்சா எவளாவது தூக்கிகிட்டுப் போயிடுவா."

"சரி, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு? சிரிச்சா கஷ்டப்படறவன்னு நம்புவானா?"

எடுத்தேன். உப்புல பட்ட வெயிலு போன் கண்ணுக்குள்ளயே பாய்ஞ்சிருக்கு போல. அத்தை மூஞ்சி தோசைக்கல்லு மாதிரி கறுப்பா வந்துச்சு. ஓரத்துல லாரி டயரு வேற. நாலு தடவை எடுத்தேன், நாலும் தோசைக்கல்லு. "எனக்கு வேலை இருக்குது, நீ பார்த்துக்க"ன்னு அத்தை போயிட்டாங்க.

மோட்டார் கொட்டாய் நிழல்ல உக்காந்தேன். கவலையே படலை. எனக்குத் தெரியாத வெப்சைட்டா?

முதல்ல, இருட்டா இருக்கற போட்டோவை வெளிச்சமாக்கறது. நல்ல வெப்சைட்டு, குறை சொல்ல மாட்டேன். ஒரு கோடு இருக்கும், அதை வலது பக்கமா தள்ளணும். நான் முழுசா தள்ளிட்டேன். அத்தை மூஞ்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது. உப்பும் வெளுத்துச்சு, சட்டையும் வெளுத்துச்சு, துண்டும் வெளுத்துச்சு. எது உப்பு எது அத்தைன்னு எனக்கே தெரியலை.

எனக்கே தெரியாதது வெப்சைட்டுக்கு எப்படித் தெரியும்னு அப்ப யோசிக்கலை.

அடுத்து, லாரி டயரை எடுக்கணும். ஆளை விட்டுட்டு பின்னாடி இருக்கறதை மட்டும் அழிக்கற வெப்சைட்டுல போட்டேன். சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திகிட்டே இருந்துச்சு.

டயரு போச்சு. உப்பு போச்சு. கூடவே அத்தையும் போயிட்டாங்க!

நடுவுல புருவத்துல இருந்து தாடை வரைக்கும் ஒரு மூஞ்சி. பக்கத்துல அந்தரத்துல ஒரு பலகை. வேற ஒண்ணும் இல்லை.

யாழினி எட்டிப் பார்த்தா. "ஆயா ஒடம்பு எங்கம்மா?"

"உப்புன்னு நினைச்சி எடுத்துகிச்சுடி."

"திருப்பித் தருமா?"

பதினொண்ணரை ஆயிடுச்சு. திரும்ப எடுக்கலாம்னு பார்த்தா, அத்தை தலையில கூடையோட, லாரியில சாய்ச்சி வெச்ச ஏத்துப்பலகை மேல ஏறிகிட்டு இருக்காங்க. இப்ப கூப்பிட்டா கூடை என் மேலதான் விழும்.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. மூஞ்சியை மட்டும் குடுத்தா போதும், மீதி உடம்பையும் துணியையும் அதுவே போட்டுவிடற வெப்சைட்டு ஒண்ணு. என் வீட்டுக்காரரை ஒரு தடவை அதுல ராஜாவாக்கியிருக்கேன். டைம்பாஸுக்கு நல்லா இருக்கும்.

திறந்தேன். போலீஸ் இருக்குது, டாக்டர் இருக்குது, கிரிக்கெட்டு இருக்குது, கோட்டு சூட்டு இருக்குது. புடவை இல்லை! இத்தனை பொம்பளைங்க புடவை கட்டறோம், நமக்குன்னு ஒண்ணு வெக்கக் கூடாதா?

போலீஸ் போட்டா கேஸாயிடும். டாக்டர் போட்டா ஊசி போடச் சொல்லுவாங்க. கோட்டுதான் ஆபத்து இல்லாததுன்னு பச்சைப் பட்டனை அமுக்கிட்டேன்.

நீலக் கோட்டு. சிவப்பு டை. தலைமுடிகூட அதுவே குடுத்துச்சு, பக்கத்துல வகிடு எடுத்து படிய வாரி. அதுல அத்தையோட அந்த சிரிக்காத மூஞ்சி. பார்த்ததும் நானே எழுந்து நின்னுட்டேன்.

கடைசியா போட்டோவைச் சின்னதாக்கற வெப்சைட்டு. அம்பது கேபின்னேன், அம்பது கேபி குடுத்துச்சு. அன்னைக்கு சொன்ன வேலையை மட்டும் செஞ்சது அது ஒண்ணுதான். எல்லாரும் வெச்சிக்குங்க.

அத்தைகிட்ட காட்டலை. வேலையில இருந்தாங்க, அதான்னு சொல்லிக்கலாம். உண்மை என்னன்னா பயம்.

ஷேர் ஆட்டோ பிடிச்சி மண்டபத்துக்குப் போனேன். பெரிய வரிசை. என் முறை வரும்போது பன்னெண்டேகால். கண்ணாடி போட்ட ஒரு சார், முன்னாடி கம்ப்யூட்டர். அதுல தெரியறது எல்லாம் எல்லாருக்கும் தெரியற மாதிரி சுவத்துல பெரிய டிவி.

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. கூச்சத்துல நான் அதுக்குள்ள அத்தையோட மனு பேப்பரை வெச்சி, போட்டோவைத் திறந்து போனை நீட்டிட்டேன். அவரும் வாங்கி ஒயரு மாட்டிட்டாரு.

டிவி முழுக்க அத்தை.

மண்டபமே எட்டிப் பார்த்துச்சு.

அப்புறம் வரிசையில ஒரு அக்கா, "யாருடி அது? கலெக்டரா?"

இன்னொருத்தங்க, "பேங்க் மேனேஜரு. மூஞ்சியைப் பாரு, லோன் தர மாட்டாங்க."

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடி பார்த்தாரு. "இவங்க என்ன வேலைம்மா பண்றாங்க?"

"உப்பு வாருவாங்க சார்."

"இந்த டிரஸ்லயா?"

நான் யாழினியை அடுத்த இடுப்புக்கு மாத்தினேன்.

"ஏம்மா, அளம் வெச்சிருக்கற ஓனருங்களுக்கெல்லாம் இந்தக் கார்டு கிடையாது. இப்படித்தான் போன தடவை ஒருத்தரு பொய் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாரு, எனக்கு மெமோ குடுத்தாங்க."

சொல்லிகிட்டே அத்தையோட பேப்பரை எடுத்து பக்கத்துல ஒரு அட்டைப்பெட்டியில போட்டுட்டாரு. பெட்டி மேல 'விசாரணை'ன்னு எழுதியிருந்துச்சு. அதுல இருந்த மத்த பேப்பர் மேல எல்லாம் தூசு.

அந்தத் தூசைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச்சு வந்துச்சு.

"சார், அது கோட்டு இல்லை சார்!"

"அப்புறம்?"

"வெப்சைட்டு சார்."

பின்னாடி சிரிப்பு. சாரு சிரிக்கலை. "ஆளைக் கூட்டிகிட்டு வாங்க. ரேகை வைக்க எப்படியும் அவங்க வரணும். ஒரு மணிக்கு சிஸ்டம் மூடிடும்."

போனை வாங்கிகிட்டு வெளிய ஓடி வந்து அத்தைக்குப் போன் அடிச்சேன்.

"அத்தை, உடனே வாங்க. முகாம்ல உங்களை ஓனருன்னு சொல்றாங்க."

கூடையைக் கீழ இறக்கி வெச்சாங்க போல. அப்புறம் கேட்டாங்க.

"எந்த அளத்துக்குடி?"

விளக்கிச் சொன்னேன். போட்டோவைப் பத்தி மட்டும் சொல்லலை. எல்லாத்தையும் போன்லயே சொல்லணுமா?

பன்னெண்டு அம்பதுக்கு மண்டபத்து வாசல்ல ஒரு உப்பு லாரி வந்து நின்னுச்சு. முன்பக்கத்துல இருந்து அத்தை குதிச்சாங்க. சட்டையெல்லாம் உப்பு. பின்னாடியே எங்க அளத்தோட நிஜ ஓனரு. லோடு கூட போறவரு, லுங்கியும் முண்டா பனியனும். என்ன ஏதுன்னு பாக்க இறங்கி வந்தாரு.

ரெண்டு பேரும் உள்ள வந்ததும், ஆளு அவங்கதானான்னு பாக்க சாரு அந்தப் போட்டோவை மறுபடி டிவியில போட்டாரு.

ஓனருதான் முதல்ல பேசினாரு. "ஏம்மா கன்னியம்மா, ஓனரு நானு. எனக்கே நல்லதா ஒரு சட்டை இல்லை. நீ எப்ப கோட்டு தைச்சே?"

அத்தை அவரைப் பாக்கலை. "சுமதி."

"அத்தை."

"என் புடவை எங்கடி?"

அதுக்குப் பதில் சொல்ல எந்த வெப்சைட்டாலயும் முடியாது.

நல்லவேளை, சாரு ரேகை மிஷினை நீட்டினாரு. அத்தை கட்டைவிரலை வெச்சாங்க. சிவப்பு. அடுத்த விரலு. சிவப்பு. துணியால துடைச்சிட்டு வெச்சாங்க. சிவப்பு. ஒம்பது விரலும் சிவப்பு. உப்பு தின்னு தின்னு ரேகையே இல்லை. மணி பன்னெண்டு அம்பத்தேழு.

"எத்தனை வருஷமாம்மா வேலை?"

"இவ புருஷன் என் வயித்துல இருக்கறப்ப இருந்து."

கடைசி விரலு, இடது கை சுண்டுவிரலு. நான் யாழினியை இறுக்கிப் பிடிச்சிகிட்டேன்.

பச்சை!

வரிசையே கைதட்டுச்சு. அத்தை அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "எங்க வீட்டுல வேலையே செய்யாம சுகமா இருக்கறது இது ஒண்ணுதான்"ன்னாங்க. சொல்லும்போது என்னைப் பார்த்தாங்க.

சாரு பெட்டியில இருந்து பேப்பரை எடுத்தாரு. "இந்தக் கையைப் பார்த்தப்புறமும் ஓனருன்னு சொன்னா, எனக்கு இன்னொரு மெமோ குடுக்கலாம்." டேபிள் மேல இருந்த சின்ன கேமராவை அத்தை பக்கம் திருப்பினாரு. வெள்ளை சார்ட்டை ஒருத்தர் பின்னாடி பிடிச்சாரு. ஒரே ஒரு கிளிக்.

"என்ன சார் அது?"ன்னேன்.

"போட்டோம்மா. இங்கயேதான் எடுக்கறோம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீங்க போனை நீட்டிட்டீங்க. கொண்டு வரணும்னு யாரு சொன்னது?"

மேஸ்திரின்னு சொல்லப் போனேன். அத்தை பார்த்த பார்வையில மூடிக்கிட்டேன்.

கார்டு நேத்து வந்துச்சு. அதுல இருக்கறது எங்க நிஜ அத்தை. உப்புச் சட்டை, துண்டு, சிரிக்காத மூஞ்சி. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கோட்டு போட்டதுதான் களையா இருந்துச்சு"ன்னாங்க. அதை என் வீட்டுக்காரர் போன்ல வெச்சி, அளத்துல எல்லாருக்கும் காட்டிட்டாங்க.

நான் இதுல கத்துக்கிட்டது ஒண்ணுதாங்க. வெப்சைட்டு ஆயிரம் இருக்கட்டும், முதல்ல எதிர்ல உக்காந்திருக்கற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை...

இருங்க, அத்தை கூப்பிடறாங்க. "சுமதி! லோடு ஏத்தற பொம்பளைங்க நாலு பேரு பவுடர் போட்டுகிட்டு வந்து நிக்கிறாங்கடி, கோட்டு வேணுமாம்! ஓனரும் வந்திருக்காரு, பாவம், அவருக்கும் ஒண்ணு போட்டுக் குடு!" வர்றேன் அத்தை, டை மட்டும் யாருக்கு எந்தக் கலர்ல வேணும்னு கேட்டு வைங்க...