நீலப்பட்டை

"ரோட்னி என்ன பண்ணியிருக்கார் தெரியுமா?" என்று மனைவி லோர்னா ஆரம்பித்ததுமே டெஸ்மண்டுக்கு டோஸ்ட் தொண்டையில் சிக்கியது.

பக்கத்து வீட்டு ரோட்னி ஊர் ஆஸ்பத்திரியின் கவர்னர்களில் ஒருவர். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, நிர்வாகத்தைக் கேள்வி கேட்க அனுப்பும் பதவி. சம்பளம் கிடையாது, கழுத்தில் ஒரு நீலப்பட்டை தொங்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே டெஸ்மண்டுக்கு வயிறு எரியும். வாரத்தில் ஆறு நாள் லோர்னா பாடுவது ரோட்னி புராணம். வியாழன் மாலை நடன வகுப்பில் மட்டும்தான் அவள் முழுசாக இவருக்குச் சொந்தம். அங்கேயும் அவள் காலை மிதித்துத் திட்டு வாங்குவார் என்பது வேறு விஷயம்.

"பஸ் ஸ்டாப்ல நோயாளிங்க உக்கார பெஞ்சு போட வெச்சுட்டாராம்."

"பெஞ்சுதானே? என்னமோ கோட்டையைப் பிடிச்ச மாதிரி!"

"நம்ம வீட்டுக் குழாய் எட்டு மாசமா ஒழுகுது டெஸ்."

அன்றே டெஸ்மண்ட் ரோட்னியை எதிர்த்து வேட்புமனு போட்டார்.

ஆஸ்பத்திரி உறுப்பினராக இருந்தால்தான் ஓட்டு. ஆகவே தன் கிளப் நண்பர்கள் நாற்பது பேரைப் பிடித்து உறுப்பினர் படிவம் நிரப்ப வைத்தார். அதில் 'உங்களைச் சேரத் தூண்டியவர் யார்?' என்று ஒரு கட்டம். முப்பத்தெட்டு பேர் ரோட்னி என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கவர்னர் அவர்தான். ஆஸ்பத்திரிச் செய்திமடலில் ரோட்னிக்குப் படத்தோடு நன்றி வந்தது. லோர்னா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

அடுத்து வேட்பாளர் அறிக்கை. டெஸ்மண்ட் தன் பெருமையை ஏழு பக்கம் எழுதினார். ஒரு பக்கம்தான் அனுமதி என்று பாதி வாக்கியத்திலேயே வெட்டி அச்சடித்தார்கள். ரோட்னி எழுதியது இரண்டே வரி: 'நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பெஞ்சு வந்தது, சந்தோஷம்.'

லோர்னா மூக்கை உறிஞ்சினாள். "என்ன ஒரு அடக்கம்!"

"அடக்கமா? நடிப்புடி அது!"

கடைசியில் கொட்டும் மழையில் அதே பஸ் ஸ்டாப்பில் நின்று துண்டுச்சீட்டு கொடுத்தார். ஒதுங்க இடமில்லை. பெஞ்சு முழுக்க ரோட்னியின் ரசிகர்கள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் வாசலில் சூப் பாத்திரத்தோடு ரோட்னி.

"ஜெயிச்சுடுப்பா டெஸ்மண்ட். மனசாரச் சொல்றேன்."

கொழுப்பைப் பார் என்று டெஸ்மண்ட் பல்லைக் கடித்தார். சூப் அருமையாக இருந்தது என்பதுதான் இன்னும் எரிச்சல்.

முடிவு வந்தது. டெஸ்மண்ட் 42, ரோட்னி 41.

அலுவலகத்தில் ஜில் என்ற பெண் நீலப்பட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். "வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம், மிஸ்டர் க்ரோம்டன். இன்னிக்கே முதல் கூட்டம்."

டெஸ்மண்ட் லோர்னாவுக்கு ஃபோன் போட்டார். "ஜெயிச்சுட்டேன்! ஆனா இனிமே நடன வகுப்புக்கு என்னால வர முடியாது."

"பரவாயில்லை டெஸ்! நீங்க கூட்டத்தைப் பாருங்க, நான் பாத்துக்கறேன்!"

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! கவர்னர் மனைவி இல்லையா? நெஞ்சு நிமிர்ந்தது. கால்மணி நேரம் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒன்றே ஒன்று பாக்கி.

"தோத்ததுக்கு ரோட்னி அழுதானா?" என்று ஜில்லிடம் ஆசையாகக் கேட்டார்.

"அழறதா? நீங்க வர்றதுக்கு முன்னாடி வேற ஆள் கிடைக்காமத்தான் மனு போட்டிருந்தார், ஓட்டே உங்களுக்குத்தான் போட்டாராம். இந்தக் கூட்டத்தால மூணு வருஷமா டான்ஸ் வகுப்பு போச்சேன்னு ஒரே புலம்பல். பட்டையைத் திருப்பிக் குடுக்க வந்தவருக்கு இப்பத்தான் ஜோடியா ஆட வாங்கன்னு ஃபோன் வந்து துள்ளிக் குதிச்சு ஓடினார், யாரோ லோர்னாவாம்!"