சுவராக நின்றவர்

காலிச் சுவரைப் படம் எடுத்தால், படத்தில் ஸ்டூல் இருந்தது.

டெஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மானிட்டரின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு அந்தப் படம். வெள்ளைச் சுவர், அதன் இடது ஓரத்தில் நான்கு கால்களோடு கம்பீரமாக ஒரு ஸ்டூலின் நிழல். அவருடைய ஸ்டூல்தான். கதவு திறக்க இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

அந்தக் கண்காட்சிக் கூடத்தின் எலக்ட்ரீஷியன் அவர். சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிந்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. பதினாறு வருடமாக பல்பு மாற்றுவதும் ஃபியூஸ் போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்த அவர் வாழ்க்கையில் போன வாரம்தான் நிழல் சுவர் வந்து சேர்ந்தது.

குடும்பத்தோடு வந்து விளையாடுகிற சுவர் அது. அறையின் பின்பக்கம் பெரிய விளக்கு. அதற்கு முன்னால் போய் நின்றால் நிழல் எதிர்ச் சுவரில் விழும். மேலே இருக்கிற கேமரா அதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்ல, கணினி அந்த நிழலுக்கு ஓர் இறக்கையோ கொம்போ வாலோ ஒட்டவைத்துவிடும். கையை வீசினால் இறக்கை படபடக்கும். இடுப்பை ஆட்டினால் வால் ஆடும். முதல் நாள் வந்த ஒரு பெரிய மனிதர் தன் வாலை விட்டுப் பிரிய மனமில்லாமல் ஆட்டிக்கொண்டே இருந்து, அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டியிருந்தது.

இதைச் செய்த ஓவியரைக் கூடத்தில் எல்லாரும் நிழலம்மா என்றார்கள். அடுத்த கண்காட்சிக்கு இடம் பார்க்க வெளியூர் கிளம்பும்போது அந்த அம்மாள் மேலாளரை அழைக்கவில்லை, டெஸ்டரைத்தான் அழைத்தார். தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் காலிச் சுவரை ஒரு தடவை கணினிக்குக் காட்ட வேண்டும். பட்டனை அமுக்கினால் பத்து வினாடி கழித்துப் படம் எடுக்கும். அதற்குள் வெளியே போய்விட வேண்டும். படத்தில் எது விழுந்தாலும் கணினி அதையும் சுவர் என்றே எடுத்துக்கொள்ளும், அப்புறம் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதனால் ஒரு ஈ, எறும்பு இருக்கக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்றும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் டெஸ்டர் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டார். வீட்டில் அன்று சாப்பாடு ஆறும்வரை இதையே விளக்கினார். ஒரு பட்டனை அமுக்கிவிட்டு ஓடுவதற்கா இத்தனை பேச்சு என்று மனைவி கேட்டாள். மகள் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வகுப்பில் யார் யார் அப்பா என்ன வேலை என்று ஆசிரியை கேட்டதும், எங்கள் அப்பா நிழலுக்கு இறக்கை வைக்கிறார் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்.

“பொய். உங்கப்பா பல்பு மாத்துறவரு” என்றிருக்கிறாள் பக்கத்து பெஞ்சு இரட்டைச் சடை.

விடுமுறை அன்றைக்கு வந்து பார் என்று சவால் விட்டாயிற்று. அந்த விடுமுறை இன்றைக்குத்தான். இரட்டைச் சடையும் இன்னும் மூன்று பேரும் பெற்றோரோடு வருகிறார்கள். இன்றைக்குப் பார்த்தா ஸ்டூல் சுவராக வேண்டும்?

குற்றம் ஸ்டூலின் மேல் இல்லை. அறையின் இடது ஓரத்தில் கதவில்லாத ஒரு பக்கவழி உண்டு. அதை மறைக்கிற கறுப்புத் திரைச்சீலையின் வளையம் ஒன்று காலையில் அறுந்துபோயிருந்தது. விட்டால் சரிந்து, சுவரில் பளீரென்று வெளிச்சக் கோடு விழுந்தது. அதனால்தான் ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தார்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா நிமிர்ந்து பார்த்தார். “ஊக்கு இருக்கு, தரவா தம்பி?” என்று கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றப் போனார்.

“இது ஊக்கு போடுற வேலை இல்லக்கா. டெக்னிக்கல் வேலை. நீங்க எதையும் தொட்டுடாதீங்க.”

அக்கா தோளைக் குலுக்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஐந்து நாளாக இதே பேச்சைக் கேட்டுச் சலித்தவர் அவர்.

டெஸ்டர் ஸ்டூலை அப்புறப்படுத்திவிட்டுத் திரைச்சீலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். இறுக்கிய இறுக்கில் அடுத்த வளையமும் அறுந்தது. அதற்கு ஒரு கம்பி கட்டினார். மூன்றாவதும் போயிற்று. ஒரு வழியாக நிற்பதுபோல் நின்றது. பட்டனை அமுக்கிவிட்டு வெளியே ஓடினார். வாசலில் திரும்பிப் பார்த்தால் திரைச்சீலை மெல்ல, வெட்கமே இல்லாமல், சரிந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை. பாய்ந்து போய் ஒரு கையை உயர்த்தி அதை மேலே இருந்த திரைக் கம்போடு சேர்த்துப் பிடித்தார். பிடித்த அந்த நொடியில் கணினி ‘டிங்’ என்றது.

படத்தில் இப்போது ஸ்டூல் இல்லை. டெஸ்டர் இருந்தார். கால் பரப்பி, ஒரு கையைத் தூக்கி, முழு உருவமாகச் சுவராகியிருந்தார்.

மூன்றாவது தடவை அமுக்கலாம் என்று விரலை நீட்டியபோது மேலாளர் தலையை நீட்டினார். வரிசை தெருமுனைவரை போய்விட்டது, ஐந்து நிமிடத்தில் திறக்கப்போகிறேன் என்றார்.

“உங்க பொண்ணுதான் முதல்ல நிக்கிறா. எல்லாருக்கும் விளக்கம் வேற சொல்லிட்டிருக்கா. எல்லாம் ரெடிதானே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மகள் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததும் அது உள்ளே போய்விட்டது.

“ரெடி சார்” என்றார் டெஸ்டர்.

மேலாளர் போனதும் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். மறுபடி அமுக்கினாலும் திரைச்சீலை சரியத்தான் போகிறது. கணினி தன்னைச் சுவர் என்று நினைக்கிறது. தான் அந்த இடத்தில் இல்லாவிட்டால் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டதாக நினைக்கும். ஓட்டைக்கு வால் முளைக்குமோ கொம்பு முளைக்குமோ, யார் கண்டது? தான் அதே இடத்தில், அதே மாதிரி, ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால் சுவர் முழுச் சுவராகிவிடும். திரைச்சீலையையும் பிடித்தாயிற்று. பதினோரு மணி ரயிலில் நிழலம்மா வந்துவிடுவார். ஒரு மணி நேரம் சுவராக இருப்பது ஒரு பெரிய காரியமா?

கால் வைக்கும் இடத்தைக் குறிக்க, சாமான் அறைக்கு ஓடிக் கறுப்பு டேப் எடுத்துவந்தார். படத்தில் பார்த்தது நினைவிலிருந்த அளவில் தரையில் இரண்டு கோடு ஒட்டினார். பாதங்களை வைத்தார். திரைச்சீலையைப் பார்த்துத் திரும்பி, கையை உயர்த்தி, இருட்டில் துணியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது.

சுவர் அவருக்கு முதுகுப் பக்கம். தலையைத் திருப்பினால் உருவம் மாறிவிடும் என்பதால் எதையும் பார்க்க வழியில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. குழந்தைகள் ஓடி வரும் சத்தம், யாருக்கோ இறக்கை வந்த சத்தம், ஓர் அப்பா தனக்குக் கொம்பு முளைத்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். ஓரத்தில் நீலச் சட்டையில் நிற்கும் ஆளை யார் கவனிக்கப்போகிறார்கள்? சுவர் நன்றாக வேலை செய்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்ததை உடனே பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு மகளின் குரல் கேட்டது. அப்பா எங்கே என்று கேட்டாள். உள்ளே எங்காவது மெஷினோடு இருப்பார் என்றாள் மனைவி. மெஷின் பக்கத்தில் மேலாளர்தான் நிற்கிறார் என்று இரட்டைச் சடை சுட்டிக்காட்டினாள்.

“நான்தான் சொன்னேன்ல, உங்கப்பா இங்க இல்ல. எங்கயாவது பல்பு மாத்திட்டிருப்பாரு.”

“அப்பா!” என்று அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள் மகள். பாப்பா, இதோ இருக்கிறேன் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள், சுவர் பாழ். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தன் மகளின் மானத்தைக் காப்பாற்ற அவள் பக்கம் திரும்பாமல் நிற்கிற அப்பா உலகத்தில் தான் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். சிரிப்பும் ஓட்டமும் ஒவ்வொன்றாக அடங்கின. அறை கப்சிப் ஆயிற்று. யாரோ ஒரு பெண்மணி, “அங்க பாருங்க, அந்த ஓரத்துல” என்று மெதுவாகச் சொன்னார்.

போச்சு, என்று நினைத்தார் டெஸ்டர். ஓட்டை தெரிந்துவிட்டது. முழங்கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது போல. முழங்கையை மயிரிழை ஏற்றினார். அறை முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. மறுபடி இறக்கினார். மறுபடி பெருமூச்சு. இனி செத்தாலும் அசைவதில்லை என்று முடிவு செய்தார்.

பின்னாலிருந்து மேலாளர் பூனைபோல் வந்து காதில் ஓதினார். “டெஸ்டர், அசையாதீங்க. என்ன ஆனாலும் அசையாதீங்க.”

இவருக்கும் தெரிந்துவிட்டது. கூடத்தின் பெயர் கெடாமல் இருக்க மூடி மறைக்கிறார். நாளைக்கு வேலைநீக்க ஓலை கையில் வரும். வரட்டும், இன்றைக்கு மட்டும் ஒழுங்காக முடிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் திரைச்சீலையின் தூசி மூக்கில் ஏறியது. அடக்கினார். கண்ணில் நீர் வந்தது. அடக்க அடக்கச் சேர்ந்து, கடைசியில் ஒரு தும்மல் கூடமே அதிரும்படி வெடித்தது.

அறை முழுக்கக் கைதட்டல். சில குழந்தைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தின. டெஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணைத் திறந்தபோது, தோளில் பயணப் பையோடு நிழலம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார் டெஸ்டர், உதடு அசையாமல்.

“திரும்பிப் பாருங்க. மெதுவா.”

தலையை மட்டும் திருப்பினார்.

சுவர் முழுக்க ஒரு மரம் நின்றது. அடிமரம் அவருடைய நிழல். பாதங்களிலிருந்து வேர்கள் தரைவரை ஓடியிருந்தன. உயர்த்திய கை பெரிய கிளையாகிச் சுவரின் மறுகோடிவரை போய், அதிலிருந்து நூறு கிளைகள் பிரிந்திருந்தன. விரல்களுக்கு நடுவே ஒரு கூடு. இறக்கை முளைத்த குழந்தைகளின் நிழல்கள் அந்தக் கிளைகளில் வந்து வந்து உட்கார்ந்தன. தும்மலில் பறந்துபோன பறவைகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

ஆடுகிறவர்களுக்கு இறக்கையும் வாலும் வைத்தேன், அசையாமல் நிற்கிறவருக்கு மெல்ல மெல்ல வளர்கிற ஒரு மரம் வைத்தேன் என்றார் நிழலம்மா. நான்கு ஊர்களில் வைத்தும் ஒருவர்கூட ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்கவில்லையாம். என் பட்டறைக்கு வெளியே இந்த மரத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று மூக்கை உறிஞ்சினார். கூட்டத்துக்குள்ளிருந்து மேலாளர், அசைந்துவிடப் போகிறாரே என்று தன் உயிரே தன்னிடம் இல்லை என்றார்.

மகள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். இரட்டைச் சடையின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

“இறக்கை எல்லாருக்கும் வரும். மரம் எங்கப்பாவுக்கு மட்டும்தான் வரும்” என்றாள்.

இரட்டைச் சடை மரத்தையும் டெஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தன் அப்பாவையும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கச் சொல்வதற்காக ஓடினாள். பட்டனுக்கு இத்தனை பேச்சா என்று கேட்ட மனைவி, பக்கத்தில் நின்ற அந்நியப் பெண்ணிடம், அவர் எங்கள் வீட்டுக்காரர்தான் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாறு வருடத்தில் டெஸ்டரை இத்தனை பேர் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நிறைவிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்று சொன்னவரிடம் மறைக்க மனசு வரவில்லை.

“அம்மா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். காலிச் சுவர்ப் படத்துல நான் விழுந்துட்டேன். அதுக்காகத்தான் அசையாம நின்னேன்.”

அது நடக்காத காரியம் என்றார் நிழலம்மா. படத்தில் விழுந்திருந்தால் கணினி உங்களைச் சுவர் என்று விட்டுவிட்டிருக்கும், ஓர் இலைகூட முளைத்திருக்காது. இருவரும் மானிட்டரிடம் போனார்கள். மூலையில் தீப்பெட்டி அளவுப் படம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. சுவர் மட்டும்தான். ஸ்டூல் இல்லை, டெஸ்டர் இல்லை, ஒரு வெளிச்சக் கோடுகூட இல்லை.

டெஸ்டர் திடுக்கிட்டுப் பக்கவழியைப் பார்த்தார். அவர் கையை விட்டு வந்த பிறகும் திரைச்சீலை ஒரு விரற்கடை சரியாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வாளியோடு வந்து நின்ற துப்புரவு அக்கா, உச்சியில் குத்தியிருந்த ஊக்கை எட்டித் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

“நீங்க டேப்பு எடுக்கப் போனப்பவே ஊக்கைக் குத்திட்டு அந்தப் பட்டனையும் அமுக்கிட்டேன் தம்பி; வந்து சொல்லலாம்னு பார்த்தா, நீங்க அவ்வளவு பெருமையா நின்னுட்டிருந்தீங்க, கலைக்க மனசு வரலை.”