கலர் போன ரோஸ் மைனா

அவிநாசிபாளையம்,
தை பிறந்தும் குளிர் விடாத ஒரு காலை.

பனிக்கட்டி தேசத்தில் சுகமாய்க் குடித்தனம் நடத்தும் என் அக்கா மகள் வினிதாக் கண்ணுவுக்கு, தாய்மாமன் சென்னியப்பன் மனசார வாழ்த்தி எழுதுவது. சிவன்மலை ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான், உன் அத்தை சித்ரகலா, மாடு, பனியன் கம்பெனி, கம்பெனியில் இருக்கிற மெஷின்கள் அத்தனையும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்கு மூட்டு மாற்றிய ஆபரேஷன் பிரமாதமாய் முடிந்தது. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படி ஒரு மனத்தைரியம் உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "எனக்கு இதைவிட ஜாஸ்திங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நிற்க. நேற்று ஃபோனில் நீ போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, ரோஸ் மைனா போட்டோ கொஞ்ச நாளா ஏன் வரலை? அது இருக்குதா, இல்லையா? இல்லைன்னா சொல்லுங்க, அம்மாவுக்கு டிக்கெட் போடறேன்." உனக்கும் அம்மாவுக்கும் உள்ள ஒப்பந்தம் எனக்குத் தெரியாததா? நீ பார்சலில் அனுப்பிய பறவைத் தீனிப்பெட்டிக்கு வருசா வருசம் குளிர்காலத்தில் எங்கோ வடக்கிலிருந்து ஒரு ரோஸ் மைனா, ஒரு சிறகு தொங்கியபடி, வந்து சோளம் தின்னும். அது வருகிற வரைக்கும் அக்கா தன் ஊட்டை விட்டு நகர மாட்டாள். வராத வருசம், ஊட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடுவாள். இதுதானே பேச்சு? இந்த விசயத்தை ஃபோனில் சொல்லலாம். ஆனால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய். கேள்வி கேட்டால் எனக்கு உண்மை கோர்வையாய் வராது. ஆகையால் கடிதம்.

முதலில் ஒன்று. மைனா உயிரோடு இருக்கிறது. அதாவது, கடைசியாய் நான் பார்த்தபோது இருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்கா சாவியைக் கொடுத்து, "தெனமும் காலையில சோளம் போடு, தண்ணி மாத்து. வேற ஒண்ணும் பண்ணிப்போடாதே சாமி, உன்னைக் கையெடுத்துக் கும்படறேன்" என்றாள். எக்ஸ்போர்ட் குவாலிட்டி பார்த்துப் பழகிய மனுசன், வெறும் சோளம் போட்டுவிட்டு வர முடியுமா கண்ணு? முதல்நாளே நாற்காலி போட்டு அக்கா ஊட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி, அணில், மைனா என்று கம்பெனி ஷிப்ட் விட்ட மாதிரி கூட்டம். அதில் ஒன்று தனியாய் நின்றது. சிறகு ஒரு பக்கம் தொங்கியது, அல்லது தொங்குவதுபோல் வைத்திருந்தது. ஆனால் ரோஸ் இல்லை, காப்பிக்கலர். வேறு ஆளாயிருந்தால் குழம்பியிருப்பான். நான் சாயம் பார்த்தே தலை நரைத்தவன், பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது: கலர் போயிருக்கிறது. மலை தாண்டி ஆறு தாண்டி, ஐப்பசி மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து வந்தால் எந்த ரோஸ் நிற்கும்? ரோஸ் கலரே அப்படித்தான், நம்பக்கூடாது. என் ஆர்டர் ஒன்று ஜெர்மனி வரை போய் ரோஸால்தான் திரும்பி வந்தது.

உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நம்ம மாட்டு முதுகுல உக்காந்திருக்கற மைனாவாட்டவே இருக்குதுங்க" என்றாள். "கலர் பாக்கறது நீயா, நானா?" என்றேன். "நீங்கதானுங்க. அப்ப மாட்டுக்கும் கலர் போயிருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். உன் மனசு நோகக்கூடாது என்றுதான் போட்டோவைத் தூரத்தில் நின்று, சூரியனுக்கு நேராய்ப் பிடித்து அனுப்பினேன். நீயும் "சூப்பர் மாமா" என்று போட்டாய்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மார்கழிக் கடைசியில் குளிர் என்றால் குளிர், உங்கள் ஊர்க் குளிர் எல்லாம் இதற்குக் கிட்ட நிற்க முடியாது. மைனா உடம்பைப் பந்துபோல் உப்பிக்கொண்டு நடுங்கியது. கலர் போன உடம்பு, தாங்குமா? கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது. அதில் ஒரு கையை வெட்டி, தீனிப்பெட்டியின் உட்காரும் கம்பில் உறைபோல் மாட்டிவிட்டேன். உலகத்திலேயே ஸ்வெட்டர் போட்ட தீனிப்பெட்டி நம்முடையதுதான். பின்னல் துணியின் குணம் உனக்குத் தெரியும். வெட்டிய பக்கம் ஒரு கண்ணி விட்டால் போதும், வரிசை வரிசையாய் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். எனக்கும் தெரியும். மைனாவுக்குத் தெரியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்தநாள் விடிந்ததும் மைனா வந்தது. கம்பில் உட்கார்ந்தது. காலை இப்படி அப்படி மாற்றி வைத்தது. ஆகா, சுகமாய் இருக்கிறது என்று நினைத்தேன். அது சுகம் இல்லை கண்ணு, நகம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வல்லூறு ஒன்று, ஆட்டுக்குட்டியையே தூக்கிப்போகிற சைஸ், தென்னை மரத்தில் வந்து இறங்கியது. மற்றதெல்லாம் சிதறிப் பறந்தது. நம்மதும் பறந்தது. பறக்கப் பறக்க நூல் வந்துகொண்டே இருக்கிறது! முருங்கை மரத்தைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, மைனா முன்னாலே, நூல் பின்னாலே. பின்பக்கம் குடியிருக்கும் உசிலம்பட்டி ராமாயி ஊட்டு மொட்டைமாடிக்கு மேலே கேபிள் டிவி வயர் போகிறதே, அதன் மேலே நூல் விழுந்து, மைனா அந்தப் பக்கம் ஒற்றைக் காலில் தலைகீழாய்த் தொங்கிவிட்டது.

இறக்கையை அடித்துக்கொள்கிறது, நிறுத்துகிறது, மறுபடி அடித்துக்கொள்கிறது. மேலே வல்லூறு கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. கீழே மாடிச் சுவரில் ஒரு பூனை, சாப்பாட்டுக்குப் பந்தி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. இது போனால் அக்காவும் போனாள் என்பதுதான் எனக்குத் தோன்றியது. "ஏனுங்க, கத்தாதீங்க! நீங்க கத்தற கத்துக்கே அதுக்கு உசுரு போயிரும்" என்றாள் சித்ரகலா. நான் கத்தவில்லை, என் தொண்டையே அப்படி.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராமாயி அண்ணாந்து பார்த்து, "அடியாத்தி! யாருண்ணே குருவியக் கொண்டி பட்டம் விடுறது?" என்றாள். "நான்தாம்மா. உன் கைக்கு எட்டுதா பாரு." "எட்டலண்ணே. ரெண்டு மொழம் ஒசரத்துல கெடக்கு. நூல இழுத்துக் கிழுத்துராதீக, இன்னும் மேல போயிரும்!"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இழுத்தால் மேலே போகும் என்றால், விட்டால் கீழே வரும். விடுவதற்கு நூல் எங்கே? கம்பில்தான் மீதி ஸ்வெட்டர் கை இருக்கிறதே! ஓடிப் போய்க் கழற்றிக் கையில் பிடித்தேன். ஒரு வரிசை உருவினேன், மைனா விரல்கடை அளவு இறங்கியது. இன்னொரு வரிசை உருவினேன். வேகமாய் விட்டால் சுவரில் மோதும், பூனை வாயில் போய் விழும். மெதுவாய் விட்டால் வல்லூறு வந்துவிடும். வேர்வை கண்ணில் இறங்குகிறது. "இன்னும் விடுங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... அப்படித்தேன்..." முழங்கை போயிற்று. கை பாதியாயிற்று. மணிக்கட்டுப் பக்கம் வந்தாயிற்று. அங்கே வேறு பின்னல், நெருக்கமாய்ப் போட்டு முடிச்சு வைத்துத் தைத்தது. உருவ வரவில்லை. எக்ஸ்போர்ட் தையல், நானே நின்று தைக்கச் சொன்னது. "என்னண்ணே நிப்பாட்டிட்டீக?" "நூல் முடிஞ்சுபோச்சும்மா!"

வல்லூறு பறந்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், அது இறங்கின காற்றில் என் வேட்டி அவிழ்ந்தது. ராமாயி வாளியைக் கவிழ்த்து அதன் மேலே ஏறி, கையில் இருந்த ஈரப் போர்வையைச் சுழற்றி வீசினாள். அது வல்லூறு மூஞ்சிக்கு நேராய் விரிந்து, மைனாமேல் போய் விழுந்து மூடிக்கொண்டது. வல்லூறு திரும்பித் தென்னையைத் தாண்டிப் போய்விட்டது. ராமாயி மைனாவைப் போர்வையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் மாடிக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது காலில் சுற்றிய நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். கால் ஒடியவில்லை. போர்வையைப் பிரித்ததும் மைனா அவள் விரலைக் கொத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலனூர்ப் பக்கமாய்ப் பறந்துவிட்டது.

அன்றிலிருந்து வரவில்லை. அது மட்டுமில்லை, ஒரு மைனாவும் வரவில்லை. சோளம் அப்படியே கிடக்கிறது. சோளத்துக்குப் பதில் கம்புத் தானியம் போட்டு, கொய்யாப்பழம் வெட்டி வைத்துப் பார்த்தேன், அணில்தான் கொழுக்கிறது. வெள்ளிக்கிழமை அக்கா வருகிறாள். "காரை விட்டு எறங்குனதும் தீனிப்பெட்டியத்தான் பாப்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?" என்று உன் அத்தை மணிக்கொருதரம் கேட்கிறாள்.

ஆகையால் கண்ணு, அவசரப்பட்டு டிக்கெட் போட்டுவிடாதே. மைனா லீவில் போயிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா போய்விட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. காலையில் காப்பி குடிக்க எனக்கு ஊரில் ஆயிரம் ஊடு இருக்கிறது. என்ன, வேறு ஊட்டில் நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்க மாட்டார்கள். பாதியிலேயே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தைக்கு நெற்றியில் திருநீறு வைத்ததாய் நினைத்து ஒரு முத்தம் கொடு. ஆண்டவன் உங்களை நோய்நொடி அண்டாமல், கரண்ட் போகாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு உன் அன்புத் தாய்மாமன்,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: இத்தனை நல்ல கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாமல் எப்படி ஒட்டுவது? ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு அக்காவுக்கே முழுசாய் வாசித்துவிட்டேன். எப்போதும்போல் கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம் சிரித்தாள் பார், நர்ஸ் ஓடி வரும் அளவுக்கு. "ஏன்டா சென்னியப்பா, நம்ம ரோஸ் மைனா இந்த வருசம் வரவே இல்லடா. கார்த்திகையிலிருந்து பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. வந்துச்சு, தின்னுச்சுன்னு வினிதாகிட்ட நானாத்தான் அளந்துட்டிருந்தேன்."

"அப்ப நீ எதுக்கக்கா பொய் சொன்னே?" என்றேன். "குருவிக்காக இருக்கறேன்னா அவளுக்கு வெளங்குது. எனக்காக இருக்கறேன்னா வெளங்க மாட்டீங்குதுடா" என்றாள். இந்தத் தடவை நான்தான் கடைசி வரைக்கும் கேட்டேன் கண்ணு. இது உன் அத்தைக்குத் தெரிந்தால் நம்பமாட்டாள்.

இதை உன் காதில் போடவே கூடாதென்று சிவன்மலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்து கொடுத்துவிட்டேன். ஆகையால் கடிதம் முழுவதையும் படி, இந்தப் பின்குறிப்பை மட்டும் படிக்காதே. தப்பித்தவறிப் படித்துவிட்டால், டிக்கெட் போடாதே.